மேசைப் பந்தாடப் பட்டமா?

மருத்துவம் பார்க்கப் பட்டம் வேண்டும், சரி. வழக்கு மன்றத்திலே வாதாடப் பட்டம் வேண்டும், அதுவும் சரி. பாலம் கட்டுகிறவன் படிக்காதவனாக இருந்தால் பாலம் விழும், ஒப்புக்கொள்கிறோம். தெருமுனையிலே நிற்கிற பையனோடு பேசுவதற்கும், மன்றத்திலே மேசைப் பந்தாடுகிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதற்குமா பட்டம்? அதற்கு மூன்றாண்டுப் படிப்பா? பல்கலைக் கழகத்துக் கறுப்பு அங்கியா? — இப்படிக் கேட்டுச் சிரிக்கிற கனவான்கள் இங்கிலாந்து நாட்டிலே நிறைய உண்டு.

சிரிக்கட்டும், தோழர்களே! எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பதை நாம் சற்று விசாரிப்போம். பள்ளிக்கூடம் "உதவாக்கரை" என்று முத்திரை குத்தி வெளியே தள்ளிய பிள்ளைக்கு, ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு, சுமை தூக்குவோன் மகளுக்குப் பல்கலைக் கழகத்தின் கதவைச் சிறிதளவு திறந்து வைத்த பட்டம் அது. அந்தக் கதவை இப்போது மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். சாத்துகிற கை யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது.

'இளைஞர் - சமுதாயப் பணி' என்று அந்தப் படிப்புக்குப் பெயர். படித்து முடித்தவர் என்ன செய்வார்? இளைஞர் மன்றம் நடத்துவார். மன்றத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடித் தெருவுக்குப் போவார். குடியிருப்பிலே கூரை ஒழுகினால் குடியிருப்போரைக் கூட்டிச் சங்கம் வைக்கத் துணை நிற்பார். சிறையிலிருந்து வெளிவந்த பதினெட்டு வயதுக்காரன் வேலை தேடும்போது கூடப் போவார். ஆசிரியருக்கும் இவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆசிரியரிடமிருந்து பிள்ளை எழுந்து ஓட முடியாது. சட்டம் பிடித்து உட்கார வைக்கும். இவரிடமிருந்து எந்த நிமிடமும் எழுந்து போகலாம். "உன் பேச்சு வேண்டாம்" என்று பையன் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அதோடு தீர்ந்தது. விருப்பப்பட்டு வருகிறவனோடு மட்டுமே நடக்கிற வேலை. அதிகாரம் இல்லை, பிரம்பு இல்லை, மதிப்பெண் இல்லை. இவை ஒன்றுமே இல்லாமல் ஒரு மனிதனைச் சிந்திக்க வைக்க வேண்டும். மேடையேறிப் பேசுகிறவர்களுக்குத் தெரியும், அது எத்தனை கடினம் என்று. கூட்டத்தைக் கைதட்ட வைப்பது எளிது. கூட்டம் கலைந்த பிறகு தனியே நிற்கிற ஒருவனைப் பேச வைப்பதுதான் அரிது.

இந்தப் பணி ஒரு காலத்தில் யார் கையில் இருந்தது?

1844ஆம் ஆண்டு இலண்டனிலே துணிக்கடைச் சிப்பந்தி ஒருவர், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர், தம்மைப் போன்ற கடைப் பையன்களைக் கூட்டி ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். நோக்கம் வழிபாடும் வேத வாசிப்புந்தான். என்றாலும் உழைப்பவன் உழைப்பவனுக்காகத் தொடங்கியது; அதனால் அவரை முதலில் சொன்னேன். பிறகு வந்தவர்கள் வேறு வகை. 1884இல் இலண்டனின் கிழக்குச் சேரியான ஒயிட்சேப்பலில் டாயின்பீ மாளிகை எழுந்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி ஏழைகளோடு பழக வந்தார்கள். பழகினார்கள், பாடம் சொன்னார்கள், படம் காட்டினார்கள். நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பசித்தவன் வீட்டுக்குப் பண்பாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துச் சென்ற நல்லெண்ணம் அது. பெரிய பள்ளிகள் சேரிகளிலே பையன்களுக்கு மன்றங்கள் வைத்தன. மேட்டுக்குடி மாணவன் வாரத்தில் ஒரு மாலை வருவான். குத்துச் சண்டை கற்பிப்பான். கோச்சு வண்டியேறி வீடு திரும்புவான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வண்டியேறித் திரும்பவில்லை. அவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை, ஆக்ஸ்போர்டுப் பட்டதாரி, தாமும் வழக்கறிஞர். 1905ஆம் ஆண்டு, தாம் படித்த பள்ளி ஸ்டெப்னியிலே நடத்திய பையன்கள் மன்றத்தை எட்டிப் பார்க்கப் போனார். வந்தவர் மறுபடி வந்தார். 1907இல் அந்த மன்றத்தின் மேலாளராக அங்கேயே குடியேறினார். துறைமுகத்திலே அன்றாடம் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று வாயிலில் நின்ற தகப்பன்மாரின் பிள்ளைகள் அவர்கள். பழமைக் கட்சிக் கருத்தோடு உள்ளே போன மனிதர், 1908இல் சுதந்திரத் தொழிற் கட்சியிலே சேர்ந்தார். பையன்களுக்குப் பாடம் சொல்லப் போனவருக்குப் பையன்கள் பாடம் சொல்லி அனுப்பினார்கள்! 1912 முதல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலே சமூகப் பணி பற்றிக் கற்பித்தார். 1920இல் 'சமூகப் பணியாளர்' என்றொரு நூலும் எழுதினார். பெயர் கிளமெண்ட் அட்லி. 1947இல் இந்தியாவுக்கு ஆட்சியைக் கைமாற்றிக் கொடுத்த பிரதமர் அட்லி அவரேதான்.

அட்லி போன்றவர் நூற்றில் ஒருவர். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் மனம் வந்தால் வருவார்கள். மனம் மாறினால் போவார்கள். ஊதியமில்லாத் தொண்டு, பயிற்சியில்லாப் பரிவு. கேள்வி கேட்க முடியாது. தானம் கொடுப்பவனிடம் கணக்குக் கேட்பவர் உண்டா?

அந்த நிலை மாறக் காரணம் அரசாங்கத்துக்குத் திடீரெனப் பிறந்த அன்பு அல்ல, அச்சம். 1958ஆம் ஆண்டைக் கவனியுங்கள். போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் பெருங்கூட்டமாக வளர்ந்து பதினாலு, பதினைந்து வயதை எட்டப் போகிறார்கள். பதினெட்டு வயதானால் கட்டாயப் படைச் சேவை என்ற ஏற்பாடு 1960ஆம் ஆண்டோடு நிற்கப் போகிறது. அதாவது, இளைஞர்களை இரண்டாண்டு கட்டி வைத்திருந்த கயிறு அறுபடப் போகிறது. அந்த ஆண்டுக் கோடைக் கடைசியில் இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைத் தாக்கின. ஏடுகள் அலறின. நவம்பரிலே குழு அமைத்தார்கள். தலைமை, ஆல்பமார்ல் பெருமாட்டி.

பெருமாட்டி தலைமை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குழுவிலே ரிச்சர்டு ஹோகார்ட் இருந்தார். லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் தெருவில், எட்டு வயதிலே தாயும் தந்தையும் இல்லாமல், பாட்டி வளர்த்த பிள்ளை. உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1957இல் பெயர் பெற்ற நூலை எழுதியவர். 1960 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் ஏறத்தாழ 700 முழுநேரப் பணியாளர்களே இருக்கிறார்கள், 1966க்குள் 1,300 ஆக்குங்கள் என்றது. பாழடைந்த கொட்டகைகளுக்குப் பதில் கட்டடம் கட்டுங்கள் என்றது. உடனே ஒரு பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது, தொழிற்சங்கத் தோழர்கள் அதைக் குறித்துக் கொள்ள வேண்டும். பணியாளரும் பணிக்கமர்த்துவோரும் மேசைக்கு இருபுறம் உட்கார்ந்து ஊதியம் பேசக் கூட்டுக் குழு வேண்டும் என்றது.

1961இல் லெஸ்டர் நகரத்திலே தேசியக் கல்லூரி திறந்தார்கள். ஓராண்டுப் படிப்பு. பல தொழில்களிலிருந்தும் வந்து படித்தார்கள். 1970இல் அது மூடப்பட்டது. பயிற்சி மற்றக் கல்லூரிகளுக்கும் பின்னர் பல்கலைக் கழகங்களுக்கும் போயிற்று. அதே 1961இல் ஊதியக் கூட்டுக் குழுவும் அமைந்தது. இன்றைக்கும் இந்தப் பட்டத்துக்குத் தொழில்முறை மதிப்பு அந்தக் குழுவின் ஒப்புதலால்தான் வருகிறது. பட்டத்தின் முத்திரையிலே தொழிற்சங்கத்தின் விரலும் பதிந்திருக்கிறது! வேறு எத்தனை பட்டங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

சரி, அங்கே என்னதான் கற்றுக் கொடுக்கிறார்கள்?

இலண்டனிலே ஒய்.டபிள்யூ.சி.ஏ. நடத்திய ஒரு காப்பிக் கடையைப் பற்றிச் சொன்னால் விளங்கும். மன்றத்துக்கு வராத, வந்தாலும் வெளியேற்றப்படுகிற பிள்ளைகளை எப்படிச் சந்திப்பது? தெருவிலே காப்பிக் கடை போட்டார்கள். உறுப்பினர் சந்தா இல்லை. ஒழுக்கப் பிரசங்கம் இல்லை. ஒரு கோப்பைக் காப்பி. கூடவே, கேட்கிற காது. நம்மூர்த் தேநீர்க் கடைப் பெஞ்சை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாட்டு நடப்பெல்லாம் அந்தப் பெஞ்சிலேதானே அலசப்படுகிறது! அந்தக் கடை அனுபவத்தை ஜார்ஜ் கோச்சியஸ், ஜோன் டாஷ் என்ற இருவரும் 1967இல் நூலாக்கினார்கள்.

கடை நடத்தியது பெரிதல்ல. நடந்ததை எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதுதான் பெரிது. இன்று யார் வந்தார், என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன், கோபத்திலா, பயத்திலா, என்னை நல்லவன் என்று அவன் நினைக்க வேண்டும் என்ற ஆசையிலா? இவ்வளவையும் இரவோடு இரவாக எழுத வேண்டும். பிறகு அதை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மேற்பார்வை என்றதும் நமக்கு ஆலை மேஸ்திரி நினைவுக்கு வருவார். இது வேறு. இந்த மேற்பார்வையாளர் "ஏன் தாமதம்?" என்று கேட்கமாட்டார். "அந்தப் பையன் கத்தியபோது உன் மனத்தில் என்ன ஓடிற்று?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாமல் மாணவர் திணறுவார். அந்தத் திணறலிலே படிப்பு நடக்கிறது. பையனைத் திருத்த வந்த நான், பையனிடம் என் தகப்பன் என்னைத் திட்டிய குரலிலேயே திட்டினேனா என்று அவருக்கே தெரிய வரும்போது, அது நூறு சொற்பொழிவுக்குச் சமம்.

புத்தகப் படிப்பும் உண்டு. வளரும் பருவத்து மனநிலை, சமூக இயல், நிறவெறியின் வரலாறு, பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் காக்கும் சட்டம், வரவு செலவுக் கணக்கு, கடைசியாக ஓர் ஆய்வுக் கட்டுரை. இவற்றையெல்லாம் வரிசையாக விளக்க இடமில்லை. எந்தப் பல்கலைக் கழகத்திலும் பாடத்திட்டம் ஏறத்தாழ இதுதான். ஆனால் இந்தப் படிப்பிலே பெரும்பாலும் கையிலெடுக்க வைக்கிற ஒரு நூலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதை எழுதியவர் ஆங்கிலேயர் அல்ல. பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே.

அந்நாளில் பிரேசிலிலே எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டுரிமை கிடையாது. என்ன தந்திரம் பாருங்கள்! பள்ளிக்கூடத்தைக் கட்டாமல் விட்டால் போதும். ஓட்டுப் பெட்டியும் தானாகவே பூட்டிக்கொள்ளும். 1963இல் வடகிழக்கிலே ஆங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் பிரெய்ரேயின் குழு 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் வேலையிலே இறங்கியது. அரிச்சுவடியைக் கையில் கொடுத்து அல்ல. அவர்கள் அன்றாடம் பேசுகிற சொற்களை எடுத்து, அந்தச் சொல்லுக்குப் பின்னாலிருக்கிற வாழ்க்கையைப் பேசி, பிறகு எழுத்தைக் காட்டினார்கள். செங்கல் என்ற சொல் வந்தால், செங்கல்லை அடுக்குகிறவன் ஏன் குடிசையில் இருக்கிறான் என்ற கேள்வியும் கூடவே வரும். 1964இல் படைத் தலைவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பிரெய்ரேயைச் சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. எழுத்துக் கற்பித்த குற்றம்! அயல்நாட்டிலிருந்து எழுதிய 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' 1970இல் ஆங்கிலத்தில் வந்தது. அன்றிலிருந்து இங்கிலாந்தின் இளைஞர் பணி மாணவர்களிடையே அது பரவிவிட்டது.

இளைஞர் பணியோடு 'சமுதாயம்' என்ற சொல் சேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1967இல் குடியேறியவர் பிள்ளைகளும் இளைஞர் மன்றங்களும் பற்றி ஹண்ட் பிரபுவின் குழு ஓர் அறிக்கை தந்தது. 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டு ஏறினார்களே, அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய அதே ஹண்ட்தான். மலையேறியவருக்கு மன்றக் கதவைக் குடியேறியவர் பிள்ளைக்குத் திறக்கும் வேலை எளிதாக இருந்திருக்காது! 1969இல் இன்னோர் அறிக்கை, இளைஞனைத் தனியே பிரித்துப் பார்க்காதே, அவன் தெருவையும் சேர்த்துப் பார் என்றது. அதே காலத்தில் உள்துறை அமைச்சகம் ஒரு காரியம் செய்தது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாட்டிலே 12 ஏழைப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கவென்ட்ரி, லிவர்பூல், இலண்டனில் சதக், வேல்சிலே கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சிற்றூர் ஆகியவை முதல் நான்கு. நியூகாசிலின் பென்வெல், இலண்டன் துறைமுகத்தை ஒட்டிய கேனிங் டவுன் முதலியவை பிறகு சேர்ந்தன. அங்கே பணியாளர்களையும் ஆய்வாளர்களையும் அனுப்பினார்கள். வறுமை ஏன் நீங்கவில்லை என்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். கேள்விக்குள்ளேயே விடையை ஒளித்து வைத்திருந்தார்கள். ஏழையிடம் ஏதோ குறை இருக்கிறது, குடும்பம் சரியில்லை, பழக்கம் சரியில்லை, கொஞ்சம் ஆலோசனை சொன்னால் சரியாகிவிடும் என்பது மேலிடத்து நினைப்பு.

போனவர்கள் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். ஆலையின் கணக்கைப் பார்த்தார்கள். நிலத்தின் சொந்தக்காரர் யாரென்று பார்த்தார்கள். முதலீடு எந்த ஆண்டில் வெளியேறியது, வேலை எந்த ஆண்டில் குறைந்தது, வீடுகளைப் பழுது பார்க்காமல் விட்டவர் யார் என்று தேடினார்கள். திரும்பி வந்து எழுதினார்கள்: குறை குடும்பத்திலே இல்லை, ஆலையை மூடிவிட்டுப் போனவனிடத்திலும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கத்திடத்திலும் இருக்கிறது! 1977இல் வெளியான அவர்களுடைய அறிக்கைகளிலே இந்தக் கருத்து மறைவின்றி இருக்கிறது. சம்பளம் கொடுத்து அனுப்பிய அமைச்சகத்துக்கு எப்படி இருந்திருக்கும்! 1970களின் இறுதிக்குள் திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

இந்தப் படிப்பிலே உள்ள முள் இதுதான், தோழர்களே. ஊதியம் கொடுப்பது ஆட்சி. பணி செய்வது தெருவுக்கு. இரண்டும் மோதும்போது எந்தப் பக்கம் நிற்பாய்? மருத்துவக் கல்லூரியில் இந்தக் கேள்வி எப்போதாவது வரும். இங்கே அன்றாடம் வரும். "அந்தப் பையன்களின் பெயரைக் கொடு" என்று காவலர் கேட்பார். கொடுத்தால் நாளை ஒரு பையனும் வரமாட்டான். கொடுக்காவிட்டால், யாரையாவது கத்தி காயப்படுத்தி விட்டால்? எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒற்றை வரி விடை இல்லை. எதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை, அதைப் பையனிடம் முன்கூட்டியே எப்படி விளக்குவது என்று பயிற்சியிலே பழக வேண்டும். மேசைப் பந்தாடப் பட்டமா என்று சிரிப்பவர் இந்த இரவுகளிலே ஓர் இரவு அந்த மேசையருகே நின்று பார்க்கட்டும்.

இனி, யார் படிக்கலாம் என்பது. பள்ளி இறுதித் தேர்விலே உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் மட்டுந்தான் என்றில்லை. மன்றத்திலே தொண்டராக, பகுதிநேர உதவியாளராகப் பணி செய்த அனுபவத்தைப் பல பல்கலைக் கழகங்கள் தகுதியாக எடுத்துக்கொள்கின்றன. முப்பது வயதிலே, நாற்பது வயதிலே, பேரப்பிள்ளை பிறந்த பிறகுகூட வருகிறவர்கள் உண்டு. பழைய தண்டனை ஒன்று இருந்தால் அதை மறைக்கக் கூடாது; குற்றப் பதிவுச் சோதனை கட்டாயம் நடக்கும். ஆனால் தண்டனை பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் கதவு மூடாது. என்ன குற்றம், எப்போது, அதன்பின் என்ன என்று தனித்தனியே ஆராய்வார்கள். பதினாறு வயதிலே தெருவில் நின்றவன் இருபத்தாறு வயதிலே அதே தெருவில் பணியாளனாக நிற்கிறான் என்றால், அவனுக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. படிப்பின் கணிசமான பங்கு களத்திலேயே நடக்கிறது: குறைந்தது 800 மணி நேரம்.

இங்கேதான் ஒரு விவாதம். 2010ஆம் ஆண்டு வரை இரண்டாண்டுப் பட்டயம் பெற்றாலும் தொழில்முறைத் தகுதி உண்டு. 2010 செப்டம்பர் முதல் முழுப் பட்டமே வேண்டும் என்றானது. சிலர் வருந்தினார்கள். "தெருவின் பிள்ளையைத் தெருவிலிருந்து பிரிக்கிறீர்கள், நாளை அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு கோப்பு எழுதுவான்" என்றார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பட்டம் பெற்றதும் பழைய தோழனைப் பார்க்காமல் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனாலும் என் கட்சி பட்டத்தின் பக்கந்தான். பணக்காரன் பிள்ளைக்கு மனநோய் என்றால் பட்டம் பெற்ற மருத்துவர்; ஏழையின் பிள்ளைக்கு என்றால் நல்ல மனம் படைத்த யாரோ ஒருவர் — இந்த ஏற்பாட்டை ஏன் ஏற்க வேண்டும்? ஏழைக்கு எதுவும் போதும் என்று நினைக்கிறவர்கள்தாம் ஏழைக்குப் பணி செய்கிறவனுக்குப் படிப்பெதற்கு என்கிறார்கள். என் சண்டை பட்டத்தோடு அல்ல, பட்டத்தின் விலையோடு. 2012இல் இங்கிலாந்துப் பல்கலைக் கழகங்கள் ஆண்டுக்கு 9,000 பவுன்வரை கட்டணம் வாங்க வழி திறந்தது. 2025இல் அந்த உச்சம் 9,535 பவுன். கடன் தருகிறார்கள், சம்பாதித்த பிறகு கட்டலாம் என்கிறார்கள். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளி வீட்டில் என்ன நடக்கும் என்று கடன் தருகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தகுதியை உயர்த்திய அதே 2010ஆம் ஆண்டிலே ஆட்சியும் மாறிற்று. சிக்கனம் என்ற பெயரில் வெட்டு விழுந்தது. பட்டம் வாங்கு என்று ஒரு கை சொல்ல, பணியிடத்தை இன்னொரு கை அழித்தது. இளைஞர் பணிக்காக உள்ளாட்சிகள் செலவிட்ட தொகை பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு சுருங்கியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. பள்ளியை மூடினால் கலகம் எழும். மருத்துவமனையை மூடினால் ஊர்வலம் வரும். இளைஞர் மன்றத்தை மூடினால்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓட்டா இருக்கிறது?

இலண்டன் ஹாரிங்கே நகராட்சி 2011இல் தன் 13 இளைஞர் மன்றங்களில் 8ஐ மூடியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், அந்த நகராட்சிக்கு உட்பட்ட டாட்டன்ஹாமிலே மார்க் டக்கன் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். 6ஆம் நாள் தீ மூண்டது. நாட்டின் பல நகரங்களுக்குப் பரவியது. மன்றம் மூடியதால்தான் கலகம் என்று நான் கணக்குப் போடவில்லை. துப்பாக்கிக் குண்டிலே தொடங்கிய நெருப்பு அது. ஆனால் அந்த இரண்டு இரவுகளுக்கு இடையிலே, பையன்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசக்கூடிய பணியாளர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்?

கணக்குப் போட்டவர்கள் வேறு இடத்திலே இருக்கிறார்கள். இலண்டனின் நிதி ஆய்வுக் கழகம் — புரட்சிக்காரர்களின் கூடாரம் அல்ல, பொருளாதார நிபுணர்களின் நிலையம் — 2024 நவம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கும் 2019க்கும் இடையே இலண்டனிலே 30 விழுக்காடு இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டன. அருகிலிருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகள் தேர்விலே பின்தங்கினார்கள். அவர்கள் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது. மன்றத்தை மூடி ஒரு பவுன் மிச்சம் பிடித்தால், சமுதாயத்துக்கு ஏறத்தாழ மூன்று பவுன் இழப்பு. சிக்கனத்தின் இலட்சணம் இது! ஓட்டை அடைக்க ஓர் அணா செலவென்று கூரையைப் பிரித்து விற்றவன் கதை.

நம்மிடத்திலும் இந்தப் படிப்பின் சாயல் இல்லாமல் இல்லை. திருப்பெரும்புதூரிலே 1993இல் தொடங்கிய இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தை, 2012ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இளைஞர் மேம்பாடு பற்றியும் சமூகப் பணி பற்றியும் முதுகலை வகுப்புகள் அங்கே நடந்து வருகின்றன. அதன் நிறை குறைகளைத் தனியே எழுத வேண்டும். இங்கே ஓரத்தில் ஒட்டினால் நீதியாகாது.

இங்கிலாந்திலே இந்தப் படிப்பைப் பல பல்கலைக் கழகங்கள் கைவிட்டுவிட்டன. மாணவர் சேர்க்கை குறைவு என்பது சொல்லப்படுகிற காரணம். வேலை இல்லாத வேலைக்குக் கடன் வாங்கிப் படிக்க எந்தத் தாய் மகனை அனுப்புவாள்? கைவிடாத இடங்களில் வேறொரு தொல்லை. 800 மணி நேரக் களப்பணிக்கு மன்றம் வேண்டும். தகுதி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும். நகராட்சி மன்றம் பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்த மூத்த பணியாளர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார். ஆகவே, மாதாகோயில் கூடம், வீட்டுவசதிச் சங்கம், கால்பந்துக் குழுவின் அறக்கட்டளை என்று ஆசிரியர்கள் அலைந்து இடம் பிடிக்கிறார்கள். மேற்பார்வையாளர் அந்த இடத்திலே இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர் குறித்த நாளில் வந்து மாணவர் எழுதி வைத்ததைப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார். மற்ற மாலைகளில் மாணவர், அந்த இடத்துத் தொண்டர்கள் இருவர் மூவரோடு கதவைத் திறந்து, மேசைப் பந்து மேசையை விரித்து வைத்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.